கடற்கரைக் கைப்பந்தை வாழ்க்கையாக எடுத்துக்கொள்ளலாமா? சிங்கப்பூர்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி அணியில் உள்ளரங்கக் கைப்பந்து ஆடிவிட்டு மணலுக்கு வர நினைக்கும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பயிற்சி, போட்டிப் பயண ஏற்பாடு, காயப் பராமரிப்பு மூன்றையும் பார்ப்பவர்கள் சேர்ந்து எழுதியவை இந்தப் பதில்கள்.

இதை முழுநேரத் தொழிலாகச் செய்ய முடியுமா? சம்பளம் உண்டா?

மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லை. உள்ளரங்க ஆட்டத்தில் இத்தாலி, போலந்து, ஜப்பான் லீக்குகளின் கிளப்புகள் ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் கொடுக்கின்றன. மணலில் நிலைமை வேறு. அணி என்பது இரண்டே பேர். மாற்று ஆட்டக்காரர் கிடையாது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அந்த வாரப் போட்டி இருவருக்கும் போயிற்று. பயிற்சியாளரைப் பிடிப்பது, டிக்கெட் எடுப்பது, அறை போடுவது, ஆதரவாளருக்குக் கடிதம் எழுதுவது எல்லாம் அந்த இருவர் தலையில்தான் விழும்.

வரவு நான்கு வழிகளில் வரும்: பரிசுப் பணம், விளம்பர ஆதரவு, தேசியச் சங்கத்தின் வழியாகக் கிடைக்கும் ஸ்போர்ட்எஸ்ஜி (அரசாங்க விளையாட்டு அமைப்பு) உதவி, பக்கத்தில் பார்க்கும் வேலை. தொடக்க ஆண்டுகளில் நான்காவதுதான் பெரியது. கீழ்நிலைப் போட்டிகளில் கிடைக்கும் பரிசை இரண்டாகப் பிரித்து விமானக் கட்டணத்தைக் கழித்தால் கையில் அனேகமாக ஒன்றும் நிற்காது. 2013இல் தொடங்கிய ஸ்பெக்ஸ் உதவித்தொகை மாத உதவியும் விளையாட்டு மருத்துவ ஆதரவும் தருகிறது. ஆனால் தேசியச் சங்கம் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும், பதக்க வாய்ப்பும் தெரிய வேண்டும். ஒலிம்பிக் தனிநபர் தங்கத்துக்கு ஒரு மில்லியன் வெள்ளி, தென்கிழக்காசிய விளையாட்டுத் தனிநபர் தங்கத்துக்கு 10,000 வெள்ளி என்ற வெகுமதித் திட்டத்தைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அதை நம்பி வீட்டுச் செலவைத் திட்டமிட வேண்டாம். எங்கள் கருத்தில், 25 வயது வரை படிப்போ பகுதிநேர வேலையோ கூடவே ஓட வேண்டும்.

உலகப் போட்டிகள் எப்படி நடக்கின்றன? சிங்கப்பூர் ஜோடி எங்கே தொடங்கும்?

2022 முதல் உலகச் சுற்று ‘பீச் புரோ டூர்’ என்ற பெயரில் நடக்கிறது. அதில் மூன்று படிகள்: ஃபியூச்சர்ஸ், சேலஞ்ச், எலீட் (முன்பு எலீட்16). புதிய ஜோடி தொடங்குவது ஃபியூச்சர்ஸில், அல்லது ஆசியக் கூட்டமைப்பின் போட்டிகளில். தாய்லாந்தின் சொங்க்லாவில் உள்ள சமிலா கடற்கரை, பிலிப்பீன்ஸின் நுவாலி ஆகியவை நமக்குப் பக்கத்தில் இருக்கும் பழகிய களங்கள். வட்டாரத்தில் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் வலுவானவை. அவர்களோடு மோதித்தான் முன்னேற முடியும்.

போட்டிக்கு நீங்களாகப் பெயர் கொடுக்க முடியாது. சிங்கப்பூர் கைப்பந்துச் சங்கம்தான் பதிவு செய்யும். கடைசி நாள் போட்டிக்குப் பல வாரங்கள் முன்பே முடிந்துவிடும். பதிவு செய்துவிட்டுத் தாமதமாக விலகினால் அபராதம் உண்டு. ஆகவே ஆண்டுத் தொடக்கத்திலேயே நாள்காட்டியைச் சங்கத்திடம் கொடுத்துப் பேசிவிடுங்கள்.

தரவரிசைப் புள்ளி ஆட்டக்காரருக்குச் சொந்தம், ஜோடிக்கு அல்ல. பதிவின்போது இருவர் புள்ளியையும் கூட்டிப் பார்ப்பார்கள். ஒருவரிடம் 100, மற்றவரிடம் 40 என்றால் ஜோடியின் கணக்கு 140. புள்ளி குறைந்த ஜோடி தகுதிச் சுற்றில் இறங்க வேண்டும். அது நாக்அவுட்: ஓர் ஆட்டம் தோற்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான். இதனால்தான் புதிய ஜோடி ஒரே ஒரு போட்டிக்காகத் தொலைதூரம் பறப்பது பண விரயம். பக்கத்துப் பக்கத்து நாடுகளில் அடுத்தடுத்த வாரங்களில் நடக்கும் இரண்டு போட்டிகளைச் சேர்த்துப் போங்கள். முதலாவதில் 40 நிமிடத்தில் வெளியேறினாலும், மிச்ச நாள்களில் அங்குள்ள ஜோடிகளோடு பயிற்சி ஆட்டம் கேட்டு வாங்கலாம். தோற்ற ஜோடிகள் எல்லாருக்கும் அதே தேவை இருக்கும் என்பதால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

ஒலிம்பிக்கில் ஆண், பெண் பிரிவுகளில் தலா 24 ஜோடிகள். ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் இரண்டு. பாரிஸ் 2024க்கு உலகத் தரவரிசை வழியாக 17 ஜோடிகளும் கண்டக் கோப்பைகள் (ஆசியா, ஐரோப்பா போன்ற ஒவ்வொரு கண்டத்துக்குள்ளும் நடக்கும் தகுதிப் போட்டிகள்) வழியாக 5 ஜோடிகளும் போயின. கண்டக் கோப்பையில் ஒரு நாடு இரண்டு ஜோடிகளை இறக்கும். இரு நாட்டு ஜோடிகளும் ஆடும் நான்கு ஆட்டங்கள் 2–2 என்று சமமானால், ‘கோல்டன் மேட்ச்’ என்ற கூடுதல் ஆட்டம் முடிவு செய்யும். சிங்கப்பூருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஒரு நல்ல ஜோடி மட்டும் போதாது, இரண்டாவது ஜோடியையும் வளர்க்க வேண்டும். பயிற்சியில் எதிர்ப்பக்கம் நிற்கும் நண்பர்களைப் போட்டியாளர்களாக மட்டும் பார்க்காதீர்கள்.

என் மகனின் உயரம் 1.78 மீட்டர்தான். பரவாயில்லையா?

ஆண்கள் வலை 2.43 மீட்டர், பெண்கள் வலை 2.24 மீட்டர். உயரம் உதவும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் பெரும்பாலான ஜோடிகளில் ஒருவர் தடுப்பாளர், மற்றவர் பின்களக் காவலர். 2016 ரியோவில் தங்கம் வென்ற பிரேசிலின் புரூனோ ஷ்மிட் 1.85 மீட்டர். அவருடன் ஆடிய அலிசன் 2 மீட்டரைத் தாண்டியவர். உயரம் குறைந்தவர் தேர்ந்த காவலராக இருந்து, உயரமான துணையைக் கண்டுபிடிக்க வேண்டும். இருவருமே 1.78 என்றால் வட்டார நிலை வரை ஆடலாம், அதற்கு மேல் கடினம்.

2024இல் பாரிஸில் ஆண்கள் தங்கம் வென்ற சுவீடனின் டேவிட் ஓமான், யோனாதன் ஹெல்விக் இருவரும் வேறொரு வழி காட்டினார்கள். இரண்டாம் தொடுதலுக்கே எம்பிக் குதித்து, அடிப்பதா துணைக்கு எடுத்துக் கொடுப்பதா என்று காற்றில் இருக்கும்போது முடிவெடுப்பது அவர்கள் பாணி. எதிர்த் தடுப்பாளர் எங்கே குதிப்பது என்று தெரியாமல் நின்றுவிடுவார். உயரம் குறைந்த ஜோடிகள் இதைப் படித்துப் பழக வேண்டும்.

உள்ளரங்கத்தில் நன்றாக ஆடுபவர் மணலிலும் நன்றாக ஆடுவாரா?

முதல் மூன்று மாதம் மோசமாகத்தான் ஆடுவார். அதற்குக் காரணங்கள் உண்டு.

களம் 16 மீட்டருக்கு 8 மீட்டர். உள்ளரங்கத்தில் ஆறு பேர் காக்கும் இடத்தைவிடச் சற்றே சிறியது, ஆனால் காப்பது இருவர். சர்வ் வாங்கும்போது ஒவ்வொருவருக்கும் நான்கு மீட்டர் அகலம். பந்து 66 முதல் 68 செ.மீ. சுற்றளவு, 260 முதல் 280 கிராம் எடை. காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.175 முதல் 0.225 கிலோ, அதாவது உள்ளரங்கப் பந்தைவிட நன்றாகக் குறைவு. இங்கே ஒரு நுணுக்கம்: வெயிலில் நிறுத்திய காரில் பந்தைப் போட்டுவைத்தால் அழுத்தம் ஏறிவிடும். நிழலில் பத்து நிமிடம் வைத்து, அழுத்தமானியால் பார்த்துவிட்டு ஆடுங்கள். இறுகிய பந்தில் பழகிவிட்டுப் போட்டியில் மெத்தென்ற பந்தைத் தொட்டால் ஒவ்வொரு பாஸும் வலைக்கு எட்டாமல் விழும்.

விதிகளில் நான்கு இடங்களில் புதியவர்கள் தடுமாறுவார்கள். விரித்த விரல்களால் பந்தை எதிர்ப்பக்கம் தட்டிவிடக் கூடாது. மடக்கிய கைவிரல் முட்டிகளால் குத்தலாம், அல்லது விரல்களை விறைத்து ஒன்றாகச் சேர்த்துத் தட்டலாம். தடுப்பில் பட்டதும் ஒரு தொடுதலாகக் கணக்கு, மீதி இரண்டுதான். விரலால் எடுத்துக் கொடுக்கும் செட்டில் இரட்டைத் தொடுதலை நடுவர்கள் உள்ளரங்கத்தைவிடக் கடுமையாகப் பார்ப்பார்கள். அதே விரல் செட்டால் பந்தை எதிர்ப்பக்கம் அனுப்பினால், அது தோள் பார்த்த திசையிலேயே போக வேண்டும். துணைக்குக் கொடுத்த செட் காற்றில் தள்ளிப் போனால் மட்டும் மன்னிப்பு.

கால் அசைவுதான் கடைசியில் வரும். உள்ளரங்கத்தில் கடைசி எட்டை நீளமாக வைத்து, குதிகாலை ஊன்றி எம்புவார்கள். மணலில் குதிகால் புதைந்து, உந்துவிசை அங்கேயே செத்துவிடும். கடைசி இரண்டு எட்டுகளைச் சிறிதாக்கி, பாதம் முழுவதையும் சமமாக ஊன்றி, பந்துக்கு நேர் கீழே போய் மேல்நோக்கிக் குதிக்க வேண்டும். முன்னோக்கிப் பாயக் கூடாது. செட் உச்சியைத் தொடும்வரை காத்திருந்து ஓடத் தொடங்குங்கள். குதிக்கும் உயரம் கட்டாந்தரையைவிட ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் குறையும். அது உங்கள் தவறல்ல, மணலின் இயல்பு. காய்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது.

பயிற்சி வரிசையை இப்படி வைக்கலாம். முதல் நான்கு வாரம் பாஸும் செட்டும் மட்டும். வலையிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, மூன்று மீட்டர் உயரத்தில் பத்துக்கு ஏழு பாஸ் வந்த பிறகுதான் அடிக்குப் போவது. அடுத்த நான்கு வாரம் இடம் பார்த்துத் தட்டும் ஷாட்கள்: நேர்க்கோட்டில் பின்மூலைக்கு ஒன்று, வலையை ஒட்டிக் குறுக்காகச் சரியும் ‘கட்’ ஒன்று. பலமாக அடிப்பதைக் கடைசியாக வையுங்கள். தடுப்பாளர் ஏறும்போது திறந்திருக்கும் இடத்தைத் துணை கத்திச் சொல்ல, அங்கே பந்தை வைக்கத் தெரிந்தவர்தான் புள்ளி எடுப்பார்.

வலைக்கு அருகே நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுகிறாரே, அது என்ன?

தன் துணை சர்வ் அடிக்கும் முன், எதிரணியின் எந்த ஆட்டக்காரருக்கு எப்படித் தடுக்கப் போகிறேன் என்று பின்னால் நிற்கும் துணைக்குச் சொல்வது. இடது கை இடப்பக்க எதிராளிக்கு, வலது கை வலப்பக்க எதிராளிக்கு. ஒரு விரல்: நேர்க்கோட்டில் வரும் அடியை மூடுகிறேன். இரண்டு விரல்: குறுக்காக வரும் அடியை மூடுகிறேன். மூடிய முஷ்டி: தடுக்கவில்லை, பின்வாங்குகிறேன். விரித்த கை: பந்தைப் பார்த்துத் தடுக்கிறேன். காவலர் அதற்கு எதிரான இடத்துக்குப் போவார். புதிய ஜோடிகள் சைகை காட்டிவிட்டு வேறொன்றைச் செய்வதால்தான் அதிகப் புள்ளி இழக்கிறார்கள். சைகை தப்பாகவே இருந்தாலும் காட்டியதைச் செய்யுங்கள், அப்போதுதான் பின்னால் நிற்பவர் நம்பி நகர்வார்.

சிங்கப்பூரில் எங்கே பயிற்சி செய்வது?

செந்தோசாவின் சிலோசோ கடற்கரையில் பொதுக் களங்கள் இருக்கின்றன. ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டியில் இறங்கிச் செந்தோசா எக்ஸ்பிரஸில் பீச் நிலையம் வரை போகலாம். கல்லாங்கில் ஸ்போர்ட்ஸ் ஹப் வளாகத்திலும் மணல் களம் உண்டு. வார இறுதி மாலைகளில் கூட்டம் தாங்காது, காலையில் போய்விடுங்கள்.

எந்தக் களமானாலும் இறங்கும் முன் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். மெல்லிய கம்பியை மணலில் குத்திப் பாருங்கள், 40 செ.மீ. ஆழம் இருக்க வேண்டும். மேல் மணலைக் காலால் அளைந்து சிப்பி, கல், கண்ணாடி பொறுக்குங்கள். கோட்டுப் பட்டை 5 செ.மீ. அகலம். அதன் மூலை நங்கூரங்கள் மணலுக்கு மேலே எட்டிப் பார்த்தால் கால்விரல் பெயர்ந்துவிடும். நன்றாகப் புதைத்துவிட்டுத் தொடங்குங்கள். மழைக்குப் பிறகு மணல் இறுகி, குதிப்பு உயரும், ஓட்டமும் எளிதாகும். அன்று நன்றாக ஆடினோம் என்று ஏமாற வேண்டாம். போட்டிக் களங்களில் அனேகமாக ஆழமான காய்ந்த மணல்தான் இருக்கும்.

வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி?

பள்ளிப் பிள்ளைக்கு இரண்டு மணல் பயிற்சி, ஒரு உடற்பயிற்சிக்கூட நாள் போதும். வட்டாரப் போட்டிக்குப் போகும் ஜோடிக்கு நான்கு மணல் பயிற்சி, ஒவ்வொன்றும் 90 முதல் 120 நிமிடம். அத்துடன் இரண்டு அல்லது மூன்று எடைப் பயிற்சி. ஒரு முழு ஓய்வு நாள் கட்டாயம். போட்டிக்கு முந்தைய வாரம் பயிற்சி நேரத்தைப் பாதியாக்குங்கள், ஆனால் வேகத்தைக் குறைக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு பயிற்சியாவது வேண்டுமென்றே களத்தின் மோசமான பக்கத்தில், அதாவது வெயில் கண்ணில் அடிக்கும் அல்லது காற்று முதுகில் தள்ளும் பக்கத்தில் நடக்கட்டும். ஆட்டத்தில் ஏழு புள்ளிக்கு ஒருமுறையும், மூன்றாம் செட்டில் ஐந்து புள்ளிக்கு ஒருமுறையும் பக்கம் மாறும். தப்பிக்க வழியில்லை.

இந்த வெயிலிலும் இடியிலும் பிள்ளையை அனுப்புவது பாதுகாப்பா?

நேரத்தையும் அளவையும் பார்த்து அனுப்பினால் பாதுகாப்புதான். அனுபவசாலிகள்கூட இதில் அலட்சியமாக இருப்பதைப் பார்க்கிறோம். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

வெப்பத்தைத் தெர்மாமீட்டர் சொல்லும் டிகிரியை வைத்துப் பார்க்காதீர்கள். ஈரப்பதம், வெயில், காற்று மூன்றையும் சேர்த்த ‘ஈரக்குமிழ் உருண்டை வெப்பநிலை’யைப் பாருங்கள். 2023 ஜூலையில் தொடங்கிய வெப்ப அழுத்த அறிவுரைப்படி 31க்குக் கீழே குறைவு, 31 முதல் 32.9 வரை மிதம், 33க்கு மேல் அதிகம். ‘மைஇஎன்வி’ செயலியில் பக்கத்து நிலையத்தின் அளவு தெரியும். மிதம் என்றால் ஆட்டத் தொகுதியை 15 நிமிடமாகச் சுருக்கி, நிழலில் ஓய்வைக் கூட்டுங்கள். அதிகம் என்றால் அன்று வெளியே கடும் பயிற்சி வேண்டாம். குளிர்சாதன அறையிலேயே இருந்து பழகிய உடம்பு வெப்பத்துக்குத் தயாராக 10 முதல் 14 நாள் ஆகும். முதல் நாளே இரண்டு மணி நேரம் ஆடவிட்டால் வாந்தியும் தலைசுற்றலும் வரும்.

தண்ணீரைக் கணக்குப் பார்த்துக் குடியுங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. அடுத்த சில மணி நேரத்தில் 1.25 முதல் 1.5 லிட்டர் வரை பிரித்துக் குடிக்க வேண்டும். உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் இழந்தால் அடுத்த நாள் ஆட்டமும் கெடும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் தவறு. உப்பும் போகிறது. சட்டையில் வெள்ளைக் கோடு படிபவர்கள் உப்புக் கலந்த பானம் எடுக்க வேண்டும், உப்புப் போட்ட மோர்கூட நல்லது.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 160 நாள்களுக்கு மேல் இடி முழங்குகிறது. மின்னல் தெரிந்து 30 நொடிக்குள் இடி கேட்டால் களத்தைவிட்டு விலகுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுங்கள். மரத்தடியும் கூடாரமும் அடைக்கலமல்ல. கட்டடத்துக்குள் அல்லது மூடிய வாகனத்துக்குள் போக வேண்டும். வலைக் கம்பத்தைக் கழற்ற நிற்காதீர்கள். சுமாத்ரா புயற்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்பிருந்து நண்பகலுக்குள் வரும், காலைப் பயிற்சிக்காரர்கள் மழை ரேடாரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். புகைமூட்டக் காலத்தில் 24 மணி நேரக் காற்றுத்தரக் குறியீடு 100ஐத் தாண்டினால் நீண்ட கடும் பயிற்சியைக் குறையுங்கள், 200ஐத் தாண்டினால் உள்ளே போய்விடுங்கள்.

பெண் பிள்ளை கறுத்துப் போவாள், உடை வேறு அப்படி இருக்கிறதே என்று வீட்டில் மறுக்கிறார்கள்...

இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம். நிறம் கொஞ்சம் மாறும், மறைக்க வேண்டியதில்லை. அது பிள்ளையின் மதிப்பைக் குறைக்கும் விஷயம் இல்லை என்பதைப் பெரியவர்களே வீட்டில் உரக்கச் சொன்னால் நல்லது. கவலைப்பட வேண்டியது தோலின் ஆரோக்கியத்தைப் பற்றி. கறுத்த தோலையும் புறஊதாக்கதிர் பாதிக்கும். எஸ்பிஎஃப் 50 களிம்பை 20 நிமிடம் முன்பே பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். காது மடல், பின்கழுத்து, கால் மேற்புறம் ஆகியவை எல்லாரும் மறக்கும் இடங்கள். உள்ளங்கையில் ஒட்டினால் பந்து வழுக்கும், துண்டில் துடைத்துவிடுங்கள்.

உடை விதி 2012இலேயே தளர்ந்துவிட்டது. அரைக்கால் சட்டையும் கைவைத்த மேல்சட்டையும் போடலாம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் எகிப்தின் டோவா எல்கோபாஷி ஹிஜாபும் நீளக் கைச்சட்டையும் அணிந்து ஆடினார். நீச்சலுடை போட்டால்தான் ஆட முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எந்தக் காயங்கள் வரும்?

மணல் மெத்தென்று இருப்பதால் கணுக்கால் சுளுக்கு உள்ளரங்கத்தைவிடக் குறைவு. திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் காயங்கள்தான் தொல்லை: முழங்கால், இடுப்பு, தோள்.

தோளில் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அடிக்கும் கையின் தோள்பட்டைக்குப் பின்னே ஓடும் நரம்பு நெருக்குண்டு, ஒரு தசை மெல்ல மெலியும். வலியே இல்லாமல் நடக்கும். மாதம் ஒருமுறை சட்டையைக் கழற்றி, முதுகைத் துணையிடமோ வீட்டாரிடமோ காட்டுங்கள். ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பின்மேல் பள்ளம் விழுந்திருந்தால் விளையாட்டு மருத்துவரைப் பாருங்கள். தடுப்பாக, ரப்பர் பட்டையால் முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பும் பயிற்சி, 15 தடவை வீதம் மூன்று சுற்று, வாரம் மூன்று நாள்.

முழங்கால்சில்லுக்குக் கீழே வலித்தால் 25 டிகிரி சரிவுப் பலகையில் நின்று, ஒற்றைக் காலில் மெதுவாக இறங்கும் குந்துப் பயிற்சி, 15 தடவை வீதம் மூன்று சுற்று. இறங்குவது வலிக்கும் காலில், எழுவது மற்றக் காலில்.

கால் கட்டைவிரல் மணலில் சிக்கிக் கீழ்ப்பக்கம் மடங்கிப் போவதும் அடிக்கடி நடக்கும். வீங்கிய விரலோடு ஆடினால் மாதக்கணக்கில் இழுக்கும். 2.5 செ.மீ. பட்டையை விரலின் மேற்புறத்திலிருந்து பாதத்தின் மேற்புறம் வரை இழுத்து ஒட்டினால் கீழே மடங்குவதைத் தடுக்கும். நண்பகல் மணல் 50 டிகிரியைத் தாண்டும், மணல் காலுறை போடுங்கள். பாதத்தில் சிவப்பாக வளைந்து வளைந்து ஊரும் கோடும் அரிப்பும் தெரிந்தால், அது பூனை, நாய்க் கழிவு கலந்த மணலிலிருந்து ஏறும் கொக்கிப்புழு. வீட்டு மருந்து வேண்டாம், மருத்துவர் தரும் மாத்திரையில் போய்விடும்.

ஆட்ட நாளில் என்ன சாப்பிடுவது?

மூன்று மணி நேரம் முன்பு இட்லி, எண்ணெய் குறைத்த தோசை, அல்லது சோறும் பருப்பும். பரோட்டாவும் நாசி லெமாக்கும் ஆட்டம் முடிந்த பிறகு. ஒரு நாளில் இரண்டு ஆட்டம் வரும், இடைவேளையில் வாழைப்பழம், ரொட்டி, உப்புக் கலந்த பானம். சைவப் பிள்ளைகளும் நன்றாக ஆடலாம்: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 1.6 கிராம் புரதமாவது தெம்பே, தவ்வு, பால், தயிர், பருப்பு என்று பிரித்துச் சேர வேண்டும்.

துணையை எப்படித் தேர்ந்தெடுப்பது? பிரிந்தால் என்ன ஆகும்?

திறமையைவிட நாள்காட்டியை முதலில் ஒப்பிடுங்கள். ஒருவருக்குத் தேர்வு, மற்றவருக்குத் தேசிய சேவை என்றால் எவ்வளவு பொருந்தினாலும் பயனில்லை. பிறகு பங்கு: ஒருவர் தடுப்பு, ஒருவர் காவல். பிறகு பக்கம்: ஒருவர் இடப்பக்கம், ஒருவர் வலப்பக்கம் வசதியாக ஆட வேண்டும்.

நண்பர்களாக இருந்தாலும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை போட்டி, செலவு எப்படிப் பங்கு, பரிசு பாதி பாதியா, பயிற்சியாளருக்கு எவ்வளவு, ஒருவருக்குக் காயம் என்றால் முன்பணம் கட்டிய டிக்கெட் யார் கணக்கு, பிரிவதானால் எத்தனை வாரம் முன்பு சொல்வது. ஜோடிகள் உடைவது பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டில்தான். பிரிந்தாலும் அவரவர் புள்ளி அவரவரோடு போகும், எனவே சீசன் நடுவில் கோபத்தில் பிரிவதைவிட நாள்காட்டி முடிந்ததும் பேசிப் பிரிவது இருவருக்கும் லாபம்.

தேசிய சேவை வந்தால்?

ஒத்திவைப்பு மிக அரிது. ஒலிம்பிக் பதக்க வாய்ப்புள்ளவர்களுக்கே கிடைத்திருக்கிறது. நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங் அப்படிப் பெற்றவர். ஆகவே ஆண் பிள்ளைகள் அந்த இரண்டு ஆண்டைத் திட்டத்துக்குள் வைத்தே கணக்கிடுங்கள். பயணத்துக்குப் படைப்பிரிவின் அனுமதி வேண்டும். ஆண்டு விடுப்பை வட்டாரத்தில் நடக்கும் ஒன்றிரண்டு போட்டிகளுக்குச் சேமியுங்கள். அந்த ஆண்டுகளில் மணல் குறைந்தாலும் எடைப் பயிற்சி தொடரலாம், தோளும் காலும் அதில் வலுப்பெறும். சேவைக்கு முன்பே வெளிநாட்டில் மூன்று மாதமோ அதற்கு மேலோ தங்கிப் பயிற்சி செய்வதானால், 13 வயது தாண்டிய ஆண் பிள்ளைக்கு எக்ஸிட் பர்மிட் தேவை. டிக்கெட் எடுக்கும் முன் அதை முடியுங்கள். சேவை முடிந்த பிறகும் முகாம் பயிற்சி அழைப்பு வரும். போட்டி நாளோடு மோதினால் சங்கத்தின் கடிதத்தோடு உடனே விண்ணப்பியுங்கள், கடைசி வாரம் வரை வைத்திருக்காதீர்கள்.

படிப்புக்கு இது உதவுமா?

கைப்பந்து எடுக்கும் உயர்நிலைப் பள்ளிகளுக்கு நேரடிப் பள்ளிச் சேர்க்கை வழியாகத் தொடக்கநிலை 6இல் விண்ணப்பிக்கலாம். இடம் உறுதியானால் வேறு பள்ளிக்கு மாற முடியாது, அந்த விளையாட்டில் தொடரவும் வேண்டும். வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே எவ்வளவு தூரம், பயிற்சி முடிந்து பிள்ளை எத்தனை மணிக்கு வீடு திரும்பும் என்பதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் முன்கூட்டிய சேர்க்கையிலும் விளையாட்டுச் சாதனையைக் காட்டலாம்.

சளிக்கு மருந்து, சித்த லேகியம் எடுக்கலாமா?

கேட்காமல் எடுக்காதீர்கள். தேசிய அணியில் இருப்பவரை எந்த நேரமும் ஊக்கமருந்துச் சோதனைக்கு அழைக்கலாம். உடம்பில் இருந்தது எப்படி வந்தாலும் பொறுப்பு உங்களுடையதே. மூக்கடைப்பு மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் போட்டிக் காலத்தில் ஒரு வரம்புக்கு மேல் தடை. சில சீன மூலிகைகளில் இருக்கும் எஃபெட்ரினும் ஹைஜெனமினும் தடைப் பட்டியலில் உள்ளவை. ஊரிலிருந்து பாட்டி அனுப்பும் லேகியத்தில் என்ன கலந்திருக்கிறது என்று டப்பாவில் இருக்காது என்பதால், போட்டி ஆட்டக்காரர் அதைத் தவிர்ப்பதே நல்லது. இஞ்சி, மிளகு ரசம் தாராளமாகக் குடிக்கலாம். மருத்துவரிடம் போகும்போது முதல் வரியிலேயே ‘போட்டிக்கு ஆடுகிறேன்’ என்று சொல்லுங்கள். ஆஸ்துமா போன்ற நோய்களுக்குத் தடைசெய்யப்பட்ட மருந்து தேவைப்பட்டால் முன்கூட்டியே விலக்கு வாங்க வழி இருக்கிறது.

எத்தனை வயது வரை ஆடலாம்? அதற்குப் பிறகு?

நீண்ட காலம் ஆடக்கூடிய விளையாட்டு இது. கார்ச் கிராய் 1996 அட்லாண்டாவில், கடற்கரைக் கைப்பந்து முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது, 35 வயதில் தங்கம் வென்றார். மூன்று தங்கம் வென்ற கெரி வால்ஷ் ஜெனிங்ஸ் 2016இல் 38 வயதில் வெண்கலம் வென்றார். ஆட்டத்தைப் படிக்கும் அறிவு வயதோடு ஏறுவதால் 20களின் கடைசியும் 30களின் தொடக்கமும்தான் நல்ல காலம். 2029இல் தென்கிழக்காசிய விளையாட்டுகள் சிங்கப்பூரில் நடக்கின்றன. இப்போது பதின்ம வயதில் இருப்பவர்கள் அதற்குள் முதிர்ந்துவிட வேண்டுமே என்று அவசரப்பட வேண்டியதில்லை.

ஆட்டம் நின்ற பிறகு பயிற்சியாளர் வேலைக்கே வாய்ப்பு அதிகம். பள்ளிகளில் இணைப்பாட நடவடிக்கைக்குப் பயிற்சி தர, ‘எஸ்ஜி-கோச்’ படிப்பின் முதல் நிலையை முடித்து, முதலுதவிச் சான்றிதழோடு தேசியப் பயிற்சியாளர் பதிவேட்டில் சேர வேண்டும். ஆடிக்கொண்டிருக்கும் ஆண்டுகளிலேயே, போட்டி இல்லாத மாதங்களில் இதை முடித்துவைத்தால், காயத்தில் உட்கார நேரும் மாதங்களிலும் வருமானம் நிற்காது.